கமிஷன் கேட்காத தரகர்

ஷேவிங் பிரஷ்ஷின் நுனியை ஆண் பூவுக்குள் விட்டு மெதுவாகச் சுழற்றி, அதே கையோடு பெண் பூவில் தொட்டு வைப்பார் சலூன்காரர். கடை திறப்பதற்கு முன் மொட்டை மாடியில் இதுதான் வேலை. பூசணிக்கொடிக்குக் கல்யாணத் தரகு. "பொண்ணு ரெடி. மாப்பிள்ளையத்தான் தேடிப் புடிக்கணும். வெயில் ஏறிட்டா ரெண்டும் மூஞ்சியச் சுருக்கிக்கும்" என்பார்.

கத்தரி நின்றாலும் அவர் பேச்சு நிற்காது. 'வாயாலே முடிவெட்டுகிறவர்' என்று தெருவில் பெயர். போன வருஷத்துக் கதையை மட்டும் சுருக்கமாகச் சொல்வார். கடைப் பெயர்ப்பலகைக்கு அடியில் தேனீ கூடு கட்டியது. வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். இவரே புகை போட்டுக் கலைத்தார். அப்புறம் கொடியில் பூ பூவாகப் பூத்தும், பிஞ்சு ஒவ்வொன்றும் விரலளவிலேயே வெம்பி விழுந்தது.

காய் போனால் போகட்டும், கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால், கால் ஆபரேஷனுக்குப் பிறகு படுக்கையே கதியென்று கிடந்த அவர் மனைவி, பிஞ்சு பார்க்கத்தான் தினமும் மாடிப்படி ஏறுவார். அதிலேயே கால் தேறிக்கொண்டு வந்தது. பார்க்க ஒன்றுமில்லை என்றானதும் மறுபடி படுத்துவிட்டார். "பூச்சியத்தான் வெரட்டினேன்னு நெனச்சேன். அவ காலையும் சேத்துல்ல வெரட்டியிருக்கேன்" என்றார் ஒருநாள். கேட்கவே கஷ்டமாக இருந்தது.

தரகுத் தொழில் எடுத்த எடுப்பில் வாய்க்கவில்லை. முதலில் பிடரியில் முடி தட்டும் பிரஷ்ஷைக் கொண்டுபோனார். அதிலிருந்த பவுடர் அப்பி, பூவெல்லாம் வாடிவிட்டன. "பொண்ணுக்குப் பவுடர் ஜாஸ்தியாயிடுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க." பிறகுதான் ஷேவிங் பிரஷ். அதில் இரண்டு காய் பிடித்தது. எத்தனை பூவுக்குத்தான் ஒரு மனிதர் தூது போவார்?

இப்போது பலகைக்கு அடியில் மறுபடி கூடு. காலையில் பிரஷ்ஷோடு மேலே போனால், பூவுக்குள் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. "கமிஷன் கேக்காத தரகர் வந்தாச்சு. இனிமே நமக்கென்ன வேலை?" கொடி நெடுகப் பிஞ்சு. தேனீ யார் மேலும் மோதாதபடி நாற்காலியை வாசலிலிருந்து உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார்.

நேற்று நான் போனபோது அந்த நாற்காலியில் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர். "இன்னுமா புகை போடல? நாளைக்கே கலைச்சுடுங்க. இல்லேன்னா நான் எதிர்க் கடைக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன்" என்றார்.

பக்கத்து மாடிப்படியில் செருப்புச் சத்தம், நின்று நின்று மேலே ஏறியது. அது ஏறி முடிக்கும்வரை சலூன்காரர் காது கொடுத்துக் கேட்டார்.

பிறகு, பூவின் மஞ்சள் போகக் கழுவிக் கண்ணாடி முன் வைத்திருந்த அந்த பிரஷ்ஷை எடுத்தார். நுரை கிளப்பினார். கன்னத்தில் தொடங்கி, மறுபடி பேச வாயெடுத்தவரின் உதடுவரைக்கும் கெட்டியாகப் பூசினார்.