சரோஜாவின் மூன்றாவது கேள்வி

சேந்தமங்கலத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது போன் வந்தது. என்னோடு வேலை பார்த்த சரோஜா நெஞ்சு வலியில் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சாகப் போனவர்களையெல்லாம் இழுத்துப் பிடித்து நிறுத்திய மனுஷி, தன் வலியை ஒருவரிடமும் சொல்லவில்லையாம்.

அவரை அறிந்தவர்களுக்கு எங்கள் வேலையும் தெரியும். மலைமேல் தேவனூர் நாட்டு ஊர்களில் வீடு வீடாகப் போய், யார் எதனால் இறந்தார்கள் என்று கேட்டு எழுதுவோம். தற்கொலை நடந்த வீட்டில் எப்போதும் ஒரே பதில்தான்: வயிற்று வலி. போலீசுக்குப் பயம், ஊர்வாய்க்குப் பயம். நானும் அப்படியே எழுதிவிடுவேன், செத்தவர் மானத்தைக் காப்பாற்றுகிற நினைப்பில். முயன்று பிழைத்தவர்களை எழுதியதே இல்லை.

ஒருநாள் சரோஜா என் பதிவேட்டைப் புரட்டிவிட்டு மேசைமேல் விசிறி அடித்தார். "ஏனுங்க, இத்தன பேருக்கு வயித்து வலின்னா மேல இருக்கறவங்க தண்ணியத்தான் சோதிப்பாங்க. ஊட்டுக்குள்ள நடக்கறத எவன் பாப்பான்?"

அன்றே, கடைசியாக நான் வயிற்று வலி என்று எழுதிய வீட்டுக்கு என்னையும் இழுத்துப் போனார். இறந்தவள் அந்த வீட்டு மருமகள். "நெசத்தச் சொல்லுங்க" என்றார். அவள் புருஷன் கொடுவாளின் பின்புறத்தால் சரோஜாவை அடித்தான். புருவம் பிளந்து பதிவேட்டில் ரத்தம் கொட்டியது. நான் வாசலுக்கு ஓடிவிட்டேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். அவர் முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார்.

"அடிச்சாச்சில்ல? இப்பச் சொல்லு சாமி. இந்த ஊட்ல சாகப் போயிப் பொழச்சது வேற யாரு?"

உள்ளேயிருந்து அவன் தங்கை ராசாத்தி வந்தாள். "நானுங்க." அண்ணி இறந்த பத்தாம் நாள் அவளும் சாக முயன்றிருக்கிறாள். மூடி மறைத்துவிட்டார்கள். அவன் அவள்மேல் பாய்ந்தான். சரோஜா குறுக்கே விழுந்தார். இரண்டாவது அடியும் அவருக்குத்தான்.

ராசாத்தியை ஜீப்பில் ஏற்றிக் மலையடிவாரத்துக் காரவள்ளி வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதன்பின் வாராவாரம் போய்ப் பார்த்தார். "சாப்பிட்டியா கண்ணு? தூங்குனியா? சாவணும்னு தோணுச்சா?" மூன்றையும் ஒரே குரலில் கேட்பார்.

சரோஜாவின் அடக்கத்தன்று ராசாத்தி ஓரமாக நின்றிருந்தாள்.

"சாப்பிட்டியா கண்ணு?" என்றேன். தலையாட்டினாள். "தூங்குனியா?" இல்லையென்று தலையசைத்தாள். மூன்றாவது கேள்வியையும் அதே குரலில் கேட்டுவிட்டேன்.

"சேதி கேட்டதுல இருந்து தோணுதுங்க."

சரோஜாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். ராசாத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். இந்தமுறை ஓடவில்லை.