ஊற வைத்த சக்கரம்

வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை தேய்ந்தால் மாற்ற வேண்டும். இது எங்கள் விறகு மேஸ்திரிக்குத் தெரியாது என்றால் நம்பாதீர்கள். தெரியாத மாதிரி இருந்தான்.

சொந்த வண்டியில் நான் தங்கச் சுரங்கத்துக்கு விறகு பாரம் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. பாய்லர் விறகைத் தின்றுகொண்டே இருக்கும். வண்டி நின்றால் மேஸ்திரிக்குப் பொறுக்காது. கோடையில் சக்கரத்து மரம் காய்ந்து சுருங்கும், பட்டை ஆடும். பட்டறைக்குப் போனால் ஓட்டம் கெடும் என்று எல்லாரும் வண்டியைக் குட்டையில் இறக்கி ஊறப்போடுவோம். மரம் உப்பிப் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். நல்ல பட்டைக்கு அது போதும். தேய்ந்த பட்டைக்கு அது பொய். வெயில் ஏறியதும் சாயம் வெளுத்துவிடும்.

அன்று காலை பாரம் ஏற்றிய பிறகு இடப்பக்கச் சக்கரத்தைக் கல்லால் தட்டினேன். மணிபோல ஒலிக்க வேண்டிய பட்டை ஓட்டைப் பானைபோலக் கேட்டது. இரவெல்லாம் ஊறியும் இறுகவில்லை. நந்திதுர்க் சுரங்கத்துக்குப் போகும் வழியில் பெரிய சரிவு. அங்கே என் மனைவிதான் சக்கரத்தை ஒட்டி நடந்து தடைக்கட்டைக் கயிற்றை இழுத்துப் பிடிப்பாள். சக்கரம் உடைந்தால் பாரம் அவள்மேல்தான் சாயும்.

ஓட்ட மாட்டேன் என்றேன்.

"இன்னாடா, சாமி தேரா இது? ஊறித்தான கீது, ஓட்டு! இல்லாட்டி நாளைக்கு உன் எடத்துல வேற வண்டி" என்றான் மேஸ்திரி.

"அப்போ நீ வந்து கயித்தப் புடி மேஸ்திரி. நான் மேல குந்திக்கினு வரேன்" என்றாள் என் மனைவி.

மற்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். "பொம்பளைக்கு வாயப் பாரு" என்று சொல்லிக்கொண்டே அவன் சக்கரத்தை விட்டு இரண்டடி தள்ளி நின்றான். அது போதும் எனக்கு.

மாட்டை அவிழ்த்தேன். விறகு முழுவதையும் அவன் நின்ற வழியிலேயே சரித்தோம். அச்சுக்குக் கட்டை அண்டக்கொடுத்து, சம்மட்டியால் பட்டையின் ஓரத்தில் அடித்தேன். நாலு அடிகூட விழவில்லை. பட்டை கழன்று உருண்டுபோய் அவன் காலருகே விழுந்தது.

"இப்போ ஓட்டு" என்றேன்.

சொன்னபடியே என் ஓட்டத்தை வேறொருவனுக்குக் கொடுத்தான். கொடுக்கட்டும். ஆண்டர்சன்பேட்டைப் பட்டறையில் புதுப் பட்டை காய்ச்சிப் போட்டுக்கொண்டு மைசூர் மைன்ஸ் பக்கம் போய்விட்டேன். அங்கேயும் ஒரு சரிவு இருக்கிறது. கயிற்றை அவள்தான் பிடிக்கிறாள். ஏற்றுவதற்கு முன் கல்லை எடுத்துச் சக்கரத்தைத் தட்டுவதும் இப்போது அவள்தான். அவள் தலையாட்டாமல் என் மாடு நகராது. எந்த மேஸ்திரி கத்தினாலும் சரி.