செபமாலை அண்ணை விட்டுப்போன பாம்பு

செபமாலை அண்ணை சென்ற செவ்வாய்க்கிழமை காலை, டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் தன் வீட்டுச் சமையலறையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றபோது இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டது. எழுபத்தொரு வயது. மகள் சூசன் கடைக்குத் தொலைபேசி எடுத்து, பாதி டேனிஷிலும் பாதி தமிழிலுமாகச் செய்தியைச் சொன்னாள். நான் கதிரையை இழுத்து உட்காருவதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டாள்.

"அங்கிள், அந்தப் பாம்பை என்ன செய்யிறது?"

ஒருவர் இறந்த செய்தி வந்தால் முதலில் அழுகை வரவேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பதினாறு வருடமாக அந்த மனிதர் எனக்குத் தந்துகொண்டிருந்த அதே எரிச்சல். செத்த பிறகும் பாம்பை என் தலையில் கட்டிவிட்டுப் போகிறாரே என்று வாய்விட்டே சொன்னேன். கடையில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் கத்தரிக்காயை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அஞ்சலிக் கூட்டத்தில் நம் சனம் நீங்கள் எல்லோரும் அவரை அமைதியானவர், யாருடைய மனதையும் நோகடிக்காதவர் என்றெல்லாம் பேசினீர்கள். பேசியவர்களில் ஒருவரும் அவரோடு சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்கியவர் அல்லர். நான் இறங்கினேன். வான் வண்டியில் மரக்கறி ஏற்றிக்கொண்டு வீடு வீடாக விற்று, பிறகு கடை போட்டு, அந்தக் கட்டிடத்தையே வாங்கியவன் நான். எத்தனையோ பிடிவாதக்காரர்களோடு பேரம் பேசியிருக்கிறேன். இவரிடம் ஒருமுறைகூட வென்றதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஊரில் போர் முடிந்த அந்த வருடத்தின் மாசி மாதம். கடைக்கு மேலே இருந்த அறையை ஒரு டேனிஷ் இளைஞனுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தேன். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். மாற்றுத் திறப்பால் கதவைத் திறந்தால், மின்சாரம் இல்லை, அறை ஐஸ் மாதிரிக் கிடந்தது. மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் கயிறு மாதிரிச் சுருண்டு ஒரு பாம்பு. ஆப்பிரிக்காப் பக்கத்து மலைப்பாம்பு வகை, விஷமில்லாதது என்று பிறகு அறிந்தேன். அப்போது எனக்குப் பாம்பு என்றால் பாம்புதான். பையனுக்குத் தொலைபேசி எடுத்தேன். குளிர்ப்பெட்டிக்குள் போடு, நித்திரையிலேயே முடிந்துவிடும் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

என் மனைவி வசந்தி வாசலில் நின்றே தடுத்துவிட்டாள். பாம்பைக் கொன்றால் நாகதோஷம், மூத்த மகளின் கலியாணம் நடக்காது, பாம்பின்மேல் நான் கையே வைக்கக்கூடாது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. செபமாலை அண்ணை மன்னார்க் கத்தோலிக்கர். தோஷம் அவரைப் பிடிக்காது. பன்றி வெட்டும் தொழிற்சாலையில் இருபது வருட வேலை; கை நடுங்காது. இதைவிடப் பொருத்தமான ஆளை எங்கே தேடுவது? வசந்திக்கும் இந்த ஏற்பாடு சரியாகப் பட்டது.

வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்தார். தொட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்து கனநேரம் பார்த்தார். பாம்பின் தோல் சுருங்கி, பழைய சட்டை கழலாமல் காய்ந்த கடதாசி மாதிரி ஒட்டிக்கிடந்தது. கண்கள் மங்கிப் பால் நிறத்தில் இருந்தன. மூச்சு விடும்போது வாயோரத்தில் நுரை வந்தது.

"கத்தி கொண்டு வந்தனீங்களோ அண்ணை?"

"இது நோயாளியெல்லோ தம்பி."

"எனக்குப் பாம்பாத்தான் தெரியுது. ஒரு நாளைக்கு எத்தினை பண்டி வெட்டுறனீங்கள், இதுக்கு யோசிக்கிறீங்கள்?"

"அது வேலை. சம்பளம் தாறாங்கள்."

நான் பத்துக் கிலோ அரிசி தருவதாகச் சொன்னேன். சிரித்தார். "அரிசி வேண்டாம் முதலாளி. கடைக்குப் பின்னறையில ஒரு மூலை தாங்கோ. ரெண்டு கிழமை."

என்னை எரிச்சல்படுத்த நினைத்தால் முதலாளி என்று கூப்பிடுவார். கடைக்குப் பின்னறை சாமான் வைக்கும் அறை. உணவு விற்கிற கடை என்னுடையது, வாசல் கண்ணாடியில் உணவுச் சோதனைக்காரர் தந்த, சிரித்த முகம் போட்ட தாள் தொங்குகிறது. தன் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அவருடைய மனைவி மேரி அக்கா, சொரூபத்தில் மாதா காலால் மிதிக்கிற பிராணியைத் தன் வீட்டுக்குள் விடமாட்டார் என்றார். கடைசியில் பின்னறைக்கு அப்பால் இருந்த பழைய குளியலறையைக் கொடுத்தேன். இரண்டு கிழமை, பதினாலு நாள் என்று மூன்று தரம் சொல்லவைத்துத்தான் கொடுத்தேன்.

ஒரு விலங்கு வைத்தியரைப் பிடித்து வந்தார். அந்த டேனிஷ் பெண்மணி பிழைப்பது சந்தேகம் என்று சொல்லி, மூன்று நாளைக்கொரு ஊசிக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு தினமும் மூன்று மணிக்கு அண்ணை வருவார். என் மீன் பெட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, பாம்பை அதற்குள் ஊறவைப்பார். ஈரத் துவாய்க்குள்ளால் அதை ஊரவிடுவார். நகத்தால் ஒரு இழு இழுத்தால் அந்தச் சட்டை வந்துவிடும், ஏன் இப்படி மினக்கெடுகிறீர்கள் என்று கேட்டால், "நாங்கள் உரிக்கக்கூடாது, அது கழட்டவேணும்" என்பார். சாப்பாடு கொடுத்துப் பாம்பை அனுப்பலாமே என்றால், "முதல்ல சூடு, பிறகு தண்ணி, சாப்பாடு கடைசி" என்பார். சாமான் இறக்க ஆளில்லாமல் நான் ஓடித்திரியும் நேரத்தில் இந்த வேதங்களைக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும்.

ஒன்றைச் சொல்லவேண்டும். அவர் ஒரு கையால் பாம்பைத் தண்ணீரில் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் தொலைபேசி அட்டையின் இலக்கங்களை அழுத்திக்கொண்டே இருப்பார். தங்கச்சி பிலோமினாவும் புருசனும் இரண்டு பிள்ளைகளும் போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். தை மாதத்துக்குப் பிறகு தொடர்பு இல்லை. அந்த நாட்களில் என் கடையில் அரிசியைவிடத் தொலைபேசி அட்டைதான் அதிகம் போனது. வாங்கிய ஒருவருக்கும் இணைப்புக் கிடைக்கவில்லை. விற்றவன் நான், எனக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னறையிலிருந்து கற்பூர மணம் வந்தது. போய்ப் பார்த்தால் வசந்தியும் இன்னும் நாலு பெண்களும் தொட்டிக்கு முன்னால் நிற்கிறார்கள். கண்ணாடியில் குங்குமம். ஒரு கிண்ணத்தில் பால், பக்கத்தில் பச்சை முட்டை. ஊரில் எங்கள் நாகதம்பிரானுக்கு வைப்பதுபோல், வன்னிக்குள் இருக்கும் சொந்தங்களுக்காக நேர்த்தி. பாம்பு கொல்லப்படாமல் நம் கடைக்குள் வந்திருப்பதே ஒரு அறிகுறி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொல்வதற்கு நான் ஆள் பிடித்தபோது தலையாட்டியவளே இப்போது பூசாரி.

அந்த நேரம் பார்த்து அண்ணை உள்ளே வந்தார். ஓடிப்போய் கற்பூரத் தட்டை எடுத்துக் குழாய்த் தண்ணீருக்குள் போட்டார்.

"தங்கச்சி, இதுக்கு நெஞ்சுக்குள்ள சளி. புகை பட்டாச் செத்துப்போம். பால் குடிச்சாலும் செத்துப்போம். பாம்பு பால் குடியாது."

வசந்தி அழத் தொடங்கிவிட்டாள். "உங்கட தங்கச்சிக்கும் சேத்துத்தான் வைச்சனான் அண்ணை."

அவர் கிண்ணத்தை எடுத்தார். நின்றபடியே முழுப் பாலையும் தானே குடித்தார். வாயைத் துடைத்துவிட்டு, "நேர்த்தி வீணாப் போகேல்ல. முட்டையை வீட்டுக்குக் கொண்டுபோங்கோ" என்றார்.

அன்றிலிருந்து அதுவே ஏற்பாடாகிவிட்டது. கற்பூரம் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் வசந்தி பால் வைப்பாள், செபமாலை அண்ணை குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்குப் போனால் அங்கே வேறு சிலர், சாத்தானுக்குப் பணிவிடை செய்கிறான் என்று முகத்தைத் திருப்பினார்களாம். அதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இரண்டு கிழமை இரண்டு மாதமாகி, சித்திரையும் கடந்தது. சட்டை கழன்றது, சளி குறைந்தது. ஆனால் பாம்பு சாப்பிடவில்லை. சாப்பிடாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்த நாட்களில்தான் உணவுச் சோதனைக்காரர் வந்தார். முன்னறிவிப்பு இல்லை. பழைய குளியலறைக் கதவுக்கு முன்னால் வெங்காய மூட்டைகளை அடுக்கி மறைத்துவிட்டு, நல்ல பிள்ளையாக அவரோடு நடந்தேன். பெரிய குளிர்ப்பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பையைத் தூக்கினார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தமிழில் 'நெத்தலி' என்று எழுதியிருந்தது. சின்ன மீன் என்றேன். தலையாட்டிவிட்டுத் திரும்ப வைத்தார். சிரித்த முகத்தாள் தந்துவிட்டுப் போனார்.

அவர் போனபிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. நான் அப்படியான பையில் நெத்தலி விற்பதில்லை. அந்த எழுத்தும் என்னுடையது இல்லை. பிரித்துப் பார்த்தேன். ஆறு எலிகள், வாலோடு, வரிசையாக.

மூன்று மணிக்கு அண்ணை வந்ததும் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். என் பிழைப்பு, என் பெயர், இருபது வருட உழைப்பு, எல்லாம் ஒரு பைக்குள் இருந்தது என்றேன். அவர் "எலி எண்டு எழுதியிருந்தா நீங்கள் விட்டிருப்பியளோ?" என்று மட்டும் கேட்டார். வருகிற திங்கட்கிழமைக்குள் பாம்பு சாப்பிடவேண்டும், இல்லையென்றால் வைத்தியரிடம் கொண்டுபோய் ஊசி போட்டு முடிக்கவேண்டும் என்று தவணை சொன்னேன். அவர் சரி என்றார். அவர் ஒன்றுக்குச் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தத் திங்கட்கிழமை எது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைத் தொலைக்காட்சியில், வன்னியில் போர் முடிந்துவிட்டது, எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடை நிறையச் சனம், ஆனால் ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை. சிலர் அரிசி மூட்டைகளில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணிக்கு அண்ணை அவர்களுக்கூடாக நடந்து பின்னுக்குப் போனார். நானும் போனேன். தவணையைப் பற்றிப் பேசுவதற்காகத்தான் போனேன், மறைக்கத் தேவையில்லை.

என் தேத்தண்ணிக் கோப்பையில் சுடுதண்ணீருக்குள் எலி கிடந்தது. அதை எடுத்து, வசந்தியின் தலைமயிர் உலர்த்தியால் காயவைத்தார். நீண்ட இடுக்கியால் பிடித்துத் தொட்டிக்குள் நீட்டினார். நீட்டிய கை அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு நின்ற கால் நோகத் தொடங்கிவிட்டது. பிறகு பாம்பின் தலை ஒருமுறை பாய்ந்தது. எலியைச் சுற்றிப் பிடித்தது.

"திண்டிட்டுது" என்றார். இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, வழக்கம்போலத் தொலைபேசி அட்டையின் இலக்கங்களை அழுத்தத் தொடங்கினார். நான் வந்த விஷயத்தைச் சொல்லவில்லை.

செய்தி முன்னுக்குப் போய்விட்டது. வசந்தியும் பெண்களும் ஓடிவந்து, இனிப் பிலோமினாவும் வந்துவிடுவாள், இது அறிகுறி என்று அவர் கையைப் பிடித்தார்கள். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"பாம்பு எலி திண்டது. அவ்வளவுதான். அதின்ர முதுகில இதுக்கு மேல ஒண்டும் ஏத்தாதேங்கோ."

பிலோமினா வரவில்லை. புருசனும் பிள்ளைகளும் வரவில்லை. அவர்களைத் தேடி அண்ணை எத்தனை இடங்களுக்கு எழுதினார், எத்தனை படிவம் நிரப்பினார் என்று நீங்கள் அறிவீர்கள். பாதிக் கடிதத்துக்கு முத்திரை என் கடையில்தான் ஒட்டினார். இன்றுவரை எங்கிருந்தும் பதில் இல்லை. நேர்த்தி வைத்த பெண்களும் ஒவ்வொருவராக வராமல் விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

சூசன் படிக்கப் போய் அவளுடைய அறை காலியானதும் மேரி அக்கா ஒருவாறு இறங்கிவந்தார். பாம்பு அவர்கள் வீட்டுக்குப் போனது. என் சனி தொலைந்தது என்று நினைத்தேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அண்ணை கடைக்கு வந்து நின்றார். வசந்தி பேசாமல் ஒரு கிளாஸ் பால் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடி குடித்துவிட்டுப் போனார். அடுத்த வெள்ளியும் வந்தார். காற்றடித்தாலும் பனி கொட்டினாலும், தோள்மூட்டுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டும் வந்தார். இதை எப்போது நிறுத்தப் போகிறீர்கள் என்று ஒருமுறை பொறுமை கெட்டுக் கேட்டேன்.

"நிப்பாட்டச் சொல்லி ஆரும் எனக்கு அறிவிக்கேல்லையே முதலாளி" என்றார்.

செத்தவீடு முடிந்த மறுநாள் மேரி அக்கா தொட்டியோடு கடைக்கு வந்தார். பாம்பு இப்போது என் கையளவு தடிப்பு, தோல் எண்ணெய் பூசினதுபோல மினுங்குகிறது. இன்னும் பத்து வருடம் இருக்குமாம். என்னைவிட நல்ல ஆரோக்கியம். உங்களிடமிருந்துதான் வந்தது, உங்களிடமே இருக்கட்டும் என்றார். நான் பழக்கதோஷத்தில் பேரம் பேசினேன், அவரும் புருசனுக்குச் சளைத்தவர் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது வசந்தி பால் கிளாஸைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நின்றாள். அன்று வெள்ளிக்கிழமை. மூவரும் அதைப் பார்த்தோம். எனக்குச் சீனி வருத்தம். பாலைக் குறைக்கச் சொல்லி வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

செபமாலை அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பாம்புதான். முடிவான ஒப்பந்தம் இது. பாம்பும் தொட்டியும் விளக்கும் என்னிடம், விலை எதுவும் இல்லை. எலி வாங்கி வைத்திருப்பது மேரி அக்கா, தன் வீட்டுக் குளிர்ப்பெட்டியில், எலி என்று எழுதி. பதினைந்து நாளைக்கு ஒன்று அவர் கொண்டுவர, கொடுப்பது நான். கற்பூரம் கிடையாது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பால் குடிப்பது நான், அரைக் கிளாஸ், பிலோமினாவைப் பற்றி யாராவது அறிவிக்கும்வரை.