மூன்றாவது தெருவின் ஆட்டுப்பாதை

சங்கரன்கோவிலின் ஓரத்தில் இருக்கும் எங்கள் நகரில் இன்று வெயில் விழ இடமில்லாதபடி வீடுகள். அப்பா இங்கே முதல் வீட்டைக் கட்டியபோது அது பருத்தி பிடுங்கிய கரிசல் காடு. மனைக்கற்களைப் பார்த்து, இது மூன்றாவது தெரு என்று நாங்களாக நம்பிக்கொள்ள வேண்டும்.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் சாயங்காலம். அம்மா முற்றத்தைக் கழுவிப் பெரிய கோலம் போட்டிருந்தாள். மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அந்த இருட்டிலிருந்து பிரிந்து வந்ததுபோல ஓர் ஆட்டுமந்தை எங்கள் கேட்டின் முன் வந்து நின்றது.

"சுத்திப் போம்வே. நாளைக்கு வீட்டுல விசேஷம்," என்றார் அப்பா.

"எங்கன சுத்த, அண்ணாச்சி? ரெண்டு பக்கமும் வானம் தோண்டிப் போட்டிருக்கிய. என் ஆட்டுக்கு ரெக்கையா இருக்கு?" என்றார் மந்தையை ஓட்டி வந்த கீதாரி. "வருசா வருசம் இதான் எங்க பாதை. நீங்கதான் குறுக்க வந்து நிக்கிய."

பக்கத்து மனைகளின் அஸ்திவாரக் குழிகளில் பழைய மழைத்தண்ணீர் நின்றது. ஒரு குட்டி அதில் சறுக்கிக் கத்தியது. அப்பா அசையவில்லை. அம்மாதான் கேட்டைத் திறந்தாள்.

ஆடுகள் புதுச் சுண்ணாம்பு வாசத்துக்கு மிரண்டு நின்றன. அம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். நாக்கைத் தட்டி, அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தபடி முன்னால் நடந்தாள். நான் அதுவரை கேட்டிராத சத்தம். மந்தை முழுவதும் கோலத்தின் மேல் தண்ணீர்போல ஓடி, வீட்டைச் சுற்றிப் பின்கேட் வழியாக மழைக்குள் கரைந்துபோயிற்று.

குட்டியைத் தோளில் போட்டபடி கடைசியாக வந்த கீதாரி அம்மாவிடம் நின்றார்.

"தாயி, நீ எந்தக் கிடைக்காரன் மக?"

அம்மா கேட்டைச் சாத்தினாள்.

மறுநாள் அத்தைமார்கள் நிறைந்திருந்த கூடத்தில் நான் பெருமையாகக் கேட்டேன். "எம்மா, நேத்து ஆட்டைக் கூப்பிட்டியே, அதே மாதிரி இப்பச் சத்தம் போடேன்."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"கனா கண்டியாட்டி?" என்று சிரித்தாள் அம்மா. அப்பா அவசரமாக, பால் பொங்கிவிட்டதா என்று கேட்டார்.

கனவுதான் என்று நானும் வெகுகாலம் நம்பினேன். அம்மாவின் அய்யா ஆடு மேய்த்தவர் என்பதை அப்பா தன் வீட்டாரிடம் மறைத்திருந்தார். அது அப்போது எனக்குத் தெரியாது. அம்மா சிரித்துக்கொண்டே ஏன் என் கையை அவ்வளவு இறுக்கிப் பிடித்தாள் என்பதும்தான்.