சின்னவள் பிள்ளைக்குப் பள்ளி பார்த்த கதை

பெரிய மருமகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களை உட்காரவைத்து, ஃபிரேமை முகத்தில் மாட்டிப் பார்த்து, காதுக்குப் பின்னால் உறுத்தினால் கம்பியைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது இங்கே பேசுகிற பாஷையில் அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. கடையில் சேர்ந்ததும் முதலில் வாயில் நின்றது 'உறுத்துதா?' என்பதற்கான வார்த்தைதான். அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுக்கப் போக, அந்த அம்மாள் பதறி எழுந்து வேறு இருக்கைக்குப் போனதை வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அவர் குளிர்பெட்டி லாரி ஓட்டினார். மகளுக்குப் பத்து வயது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். தெருமுனையில் இருந்த அரசுப் பள்ளியில் படித்தாள். எந்தப் பள்ளி நல்லது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. பக்கத்தில் இருந்தது, சேர்த்தார்கள். அந்த ஊர்ப் பாஷை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழுக்கும் குறைவில்லை. இங்கிலீஷ் மட்டும் பள்ளியில் ஒரு பாடம், அத்தோடு சரி. அது பெரியவளுக்கு உள்ளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாமியார் ஃபோன் செய்தார்.

"சின்னவனுக்கு உங்க ஊருக்கே மாத்தல் ஆயிடுச்சும்மா. கம்பெனியே வீடு குடுக்குது, கம்பெனியே கார் குடுக்குது. பிள்ளைக்கு ஸ்கூல் செலவும் அவங்களேதானாம். சும்மா எந்த ஸ்கூலும் இல்ல, வெளிநாட்டுக்காரங்க பிள்ளைங்க படிக்கற இங்கிலீஷ் ஸ்கூல்!"

"ரொம்ப சந்தோஷம் அத்தை," என்றாள் பெரியவள். சொல்லி முடித்து ஃபோனை வைத்தவள், ஏற்கனவே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள்.

கொழுந்தனும் ஓரகத்தியும் வந்து இறங்கினார்கள். சின்னவள் நல்ல மாதிரி. அதுவே பெரியவளுக்குத் தொல்லையாக இருந்தது. தலைக்கனம் பிடித்தவளாக இருந்திருந்தால் வீட்டுக்காரரிடம் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருக்கலாம். அவளோ வந்த மறுநாளே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு இங்க ஒண்ணும் தெரியாது. ஸ்கூல் பாக்க நீங்கதான் கூட வரணும். நீங்க எது சொல்றீங்களோ அதுதான்."

அவள் மகளுக்கு ஆறு வயது. பொடிசு என்று கூப்பிட்டார்கள். புது வீட்டில் அம்மாவின் துப்பட்டா நுனியை விடாமல் பிடித்துக்கொண்டே திரிந்தது.

கடையில் லீவு சொல்லிவிட்டுப் பெரியவள் கிளம்பினாள். வாயாடிக்கும் அன்று விடுமுறை என்பதால் அவளும் ஒட்டிக்கொண்டாள்.

முதலில் போனது ஊருக்கு வெளியே இருந்த பெரிய பள்ளி. சுவரெல்லாம் கண்ணாடி. நீச்சல்குளம் மட்டுமே பெரியவளின் வீடு இருந்த கட்டடத்தைவிட நீளம். வரவேற்பறையில் ஒரு பெண் சிரித்த சிரிப்பு மாறாமல் அவர்களை எல்லா மாடிக்கும் கூட்டிப்போனாள். ரோபோ செய்கிற அறை, நடனம் ஆடிப் பழகுவதற்குத் தரை முழுக்க மரம் போட்ட அறை, பியானோக்கள் வரிசையாக நின்ற அறை. வாயாடி ஒரு பியானோவைத் தொடப் போனாள். "கையை எடுடி," என்று பெரியவள் அதட்டினாள்.

ஆச்சரியம் என்னவென்றால், அங்கே அவளுக்குப் பெரிதாக வயிறு எரியவில்லை. கப்பலைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? வேறு யாரோ வாழ்கிற வாழ்க்கை என்று பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

இரண்டாவது பள்ளி பஸ் டிப்போவை ஒட்டி, பழைய கட்டடம் ஒன்றில் இருந்தது. அந்தப் பச்சைக் கம்பிக் கேட்டைக் கண்டதும் பெரியவளின் நடை தளர்ந்தது. வேலைக்குப் போகும் பஸ் தினமும் அதைத் தாண்டித்தான் போகும். வாயாடி பிறந்து பேச ஆரம்பித்திருந்த சமயத்தில் ஒருநாள் அவள் இங்கே இறங்கி, கம்பி வழியாக உள்ளே விளையாடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அதை வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

உள்ளே ஒரே இரைச்சல். வாசலில் குட்டிச் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ, ஆளுக்கொரு மாதிரி இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தன. ஒரு டீச்சர் தரையில் மண்டியிட்டு ஒரு பையனின் முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். சுருட்டைமுடிப் பெண்ணொருத்தி ஓடிவந்து, ஒன்றுமே கேட்காமல் பொடிசின் கையைப் பிடித்து மணல்தொட்டிக்கு இழுத்துப் போனாள். வந்த நாளிலிருந்து துப்பட்டாவை விடாத பொடிசு, விட்டுவிட்டுப் போயிற்று.

சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களாக்கா? நீச்சல்குளமெல்லாம் எதுக்கு? எங்களுக்கு இது போதும்."

இது போதும். அந்த வார்த்தை பெரியவளை எங்கேயோ அறைந்தது. கம்பிக்கு வெளியே நின்று அவள் ஏங்கியது இவளுக்குப் போதுமாம். பெரிய மனது பண்ணி, வேண்டாததை ஒதுக்கிவிட்டு, இதை எடுத்துக்கொள்கிறாளாம்.

கிளம்பும்போது சின்னவள் தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாளைக் கண்டாள். "அக்கா, உள்ள வேலை செய்றவங்களைக் கேட்டாத்தான் நெஜம் தெரியும். டீச்சருங்க எப்படின்னு கொஞ்சம் கேளுங்களேன்."

பெரியவள் அந்த ஊர்ப் பாஷையில் கேட்டாள். அந்த அம்மாள் துடைப்பானை ஊன்றிக்கொண்டு மனம்விட்டுப் பேசினார். இங்கே வந்த டீச்சர் யாரும் லேசில் போகமாட்டார்கள், சின்ன வகுப்பு டீச்சர் பிள்ளைகளுக்கு இன்னொரு அம்மா மாதிரி, லீவு விட்டால் பிள்ளைகள் அழும் என்றார்.

"என்னக்கா சொல்றாங்க?"

பெரியவள் வாயைத் திறந்தாள். அவள் யோசித்துச் சொன்னதாகச் சொல்ல முடியாது. வார்த்தை தானாக வந்தது.

"டீச்சருங்க நிலைச்சு நிக்கறதில்லையாம். அடிக்கடி மாறிட்டே இருக்காங்களாம். பிள்ளைங்க அழுவுதாம்."

சின்னவளின் முகம் வாடியது. வாயாடி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் வாய் திறக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் கேட்டாள். "அம்மா, அந்த ஆயா அப்படிச் சொல்லலையே?"

"உனக்குப் புரிஞ்சிருக்காது."

"எனக்கா?" என்றாள் வாயாடி. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொடிசைக் கண்ணாடிச் சுவர் பள்ளியில் சேர்த்தார்கள். மாமியார் ஃபோனில் நீச்சல்குளத்தைப் பற்றிப் பூரித்துப்போய்ப் பேசினார். இப்போதாவது மனம் அடங்கும் என்று பெரியவள் நினைத்தாள். அடங்கவில்லை. பொடிசின் சீருடையைப் பார்த்தால் எரிந்தது. அதன் பையில் தொங்கிய பெயர்ச்சீட்டைப் பார்த்தால் எரிந்தது. வாயாடி வீட்டுப்பாடத்தில் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தப்பாக எழுதினால், அந்த எரிச்சல் முழுவதும் அவள் தலையில் விடிந்தது.

"உன் தங்கச்சியைப் பாரு! ஆறு வயசு, எப்படிப் பேசுது!"

"அது எங்கம்மா பேசுது?" என்றாள் வாயாடி.

உண்மைதான். பொடிசு பேச்சைக் குறைத்திருந்தது. பள்ளிப் பேருந்தில் போகவர நெடுநேரம். இறங்கும்போது முகம் வெளுத்துப்போய் வந்தது. வகுப்பில் முதல் டீச்சர் போய் இரண்டாவது வந்து, அவரும் போய்விட்டார். சிநேகமான பிள்ளை ஒன்று அப்பாவுக்கு மாற்றலாகிக் கிளம்பிவிட்டது. காலையில் ஷூவைப் போட்டுக்கொண்டு கதவருகே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுமாம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சின்னவள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெரியவள் டீ போட்டாள். உள்ளறையில் வாயாடி பொடிசுக்கு என்னவோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பொடிசு சிரிக்கிற சத்தம் கேட்டது.

"இங்க வந்தாத்தான்க்கா இது சிரிக்குது," என்றாள் சின்னவள். கொஞ்ச நேரம் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு நெனச்சுத்தான் மனசைத் தேத்திக்கறேன். இவ்ளோ பெரிய ஸ்கூல்லயே டீச்சருங்க இப்படி ஓடறாங்கன்னா, அந்தச் சின்ன ஸ்கூல்ல போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? நல்லவேளை, நீங்க கேட்டுச் சொன்னீங்க. உங்களாலதான் தப்பிச்சோம்."

திட்டியிருந்தால் பெரியவள் தாங்கியிருப்பாள். இந்த நன்றியை அவளால் தாங்க முடியவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"அந்தம்மா அப்படிச் சொல்லல."

"எந்தம்மா?"

"அந்த ஸ்கூல்ல தரை துடைச்சாங்களே. டீச்சருங்க போகவே மாட்டாங்கன்னு சொன்னாங்க. அம்மா மாதிரி பாத்துப்பாங்கன்னு சொன்னாங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்."

சின்னவளுக்கு முதலில் விளங்கவில்லை. "ஏன்க்கா?"

"பொறாமை. வேற என்ன? என் பொண்ணுக்குக் கெடைக்காதது உன் பொண்ணுக்குக் கெடைக்குதேன்னு வயிறு எரிஞ்சுது."

சின்னவள் கோப்பையைக் கீழே வைத்தாள். டீ பாதி அப்படியே இருந்தது. உள்ளே போய்ப் பொடிசைத் தூக்கிக்கொண்டாள். அது வரமாட்டேன் என்று திமிறியது. கதவுவரை போனவள் திரும்பிப் பார்த்து, "குழந்தை விஷயத்துலயாக்கா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு போய்விட்டாள்.

அதற்கப்புறம் பேச்சு நின்றது. பெரியவள் செய்த ஃபோனை அவள் எடுக்கவில்லை. பொடிசைப் பஸ் டிப்போ பக்கத்துப் பள்ளிக்கு மாற்றிவிட்ட செய்தி வீட்டுக்காரர் மூலமாகத்தான் வந்தது. காரணத்தைக் கொழுந்தன் அவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை. பெரியவளே சொன்னாள். அவர், "நம்ம பிள்ளைக்கு என்னால முடியலன்னு என்னைத் திட்டியிருக்கலாமே," என்றார்.

மாமியார் மோப்பம் பிடித்துவிட்டார். "என்னம்மா, உங்க ரெண்டு பேருக்குள்ள என்ன? சின்னவளைக் கேட்டா, ஒண்ணுமில்ல அத்தை, அக்காவுக்குக் கடையில வேலை ஜாஸ்திங்கறா."

ஆக, அவள் காட்டிக்கொடுக்கவில்லை. பெரியவளுக்கு நெஞ்சு இளகியது. கூடவே, இந்த நல்ல குணமும் இவளுக்கேதான் அமைய வேண்டுமா என்று பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. தன்னை நினைத்துத் தானே வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டாள்.

ஒருநாள் மகளைக் கேட்டாள். "உண்மையைச் சொல்லுடி. அந்த மாதிரி ஸ்கூல்ல படிக்கணும்னு உனக்கு ஆசையா இருந்துச்சா?"

வாயாடி யோசித்தாள். "அந்தப் பியானோவை ஒரு தடவை தட்டிப் பாக்கணும்னு இருந்துச்சு. ஸ்கூல் வேணாம். என் கூட்டாளிங்க எல்லாம் இங்கதான இருக்காங்க?"

பெரியவளுக்கு நிம்மதிக்குப் பதில் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் யாருக்காக எரிந்தாளோ, அவளுக்கு அந்த எரிச்சலில் பங்கே வேண்டாமாம்!

வருடக் கடைசியில் ஃபோன் வந்தது. சின்னவள்தான். குரலில் பழைய குழைவு இல்லை. "வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல ஆண்டு விழா. பெரியம்மாவும் வாயாடி அக்காவும் வந்தாத்தான் மேடை ஏறுவேன்னு அடம்பிடிக்குது. வாங்க."

போனார்கள். பொடிசு தாளில் செய்த சிறகைக் கட்டிக்கொண்டு வந்து, கணீரென்று இங்கிலீஷில் பாட்டுப் பாடியது. பக்கத்தில் நின்ற சுருட்டைமுடிப் பெண்ணுக்கு வரி மறந்துபோக, அதற்கும் சேர்த்து எடுத்துக்கொடுத்தது. கூட்டம் கைதட்டியது. பெரியவளும் தட்டினாள். தட்டும்போதே அந்தப் பழகிய சூடு அடிவயிற்றில் கிளம்புவது தெரிந்தது.

அவள் சின்னவளின் பக்கம் சாய்ந்தாள். "எனக்கு இப்பவும் எரியுதும்மா."

சின்னவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதட்டோரம் மட்டும் லேசாக அசைந்தது.

"எரியட்டும்," என்றாள். "எழுந்து போயிடாதீங்க. அடுத்தது டான்ஸ் இருக்கு."