மூன்றாம் ஓலை

அந்த ரிப்பனில் சாய வாடை கடைசிவரை போகவே இல்லை. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த பட்டறையில் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு அவித்துச் சாயம் தோய்ப்பார்கள். அங்கே மிஞ்சிய ஊதா நூலில் யாரோ நெய்து கொடுத்த இரண்டு விரல் அகல ரிப்பன் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊக்கு வைத்துத் தோளில் குத்திக்கொள்ளும்போது ஈரமும் காரமுமாக அந்த வாடை மூக்கில் ஏறும், எனக்கு உடனே முதுகு நிமிர்ந்துவிடும். பதினோரு வயதில் நான் அறிந்த பெருமை முழுக்க அந்த வாடையில்தான் இருந்தது.

ரிப்பன் திட்டம் சாலமோன் சாருடையது. அவர் பள்ளி ஆசிரியர். ஓட்டுக்கூரை போட்ட எங்கள் சிறிய சபையில் ஞாயிறு பள்ளிக்குத் தலைவர். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறைக்கு முன், வசனம் நன்றாக ஒப்பிக்கும் ஏழு பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து 'சுவிசேஷக் காவலர்' என்று பெயர் சூட்டினார். ஊரெல்லாம் கோபுரம், தெருவெல்லாம் உற்சவம், நடுவில் எழுபது பேர் கொண்ட சபை நாம்; ஆண்டவர் நம் கையில் கொடுத்த சுவிசேஷத்தை வாழ்ந்தும் காட்ட வேண்டும், கறைபடாமல் காக்கவும் வேண்டும் என்பார். வாழ்ந்து காட்டுவது எப்படி என்று அவர் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. காப்பது எப்படி என்பதை மட்டும் விளக்கமாகவே சொல்லிக்கொடுத்தார்: வாரம் முழுக்கக் கண்ணைத் திறந்து வைத்திருந்து, சபையார் யாரிடமாவது 'உலகத்தனம்' தென்பட்டால் ஞாயிறு பள்ளியின் முடிவில் எழுந்து நின்று சொல்லிவிட வேண்டும்.

சொன்னோம். ஒருவர் வீட்டு டிவியில் வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு ஓடியதையும், இன்னொருவர் வீட்டு அம்மா பொட்டு வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனதையும், என் சொந்த மாமா பெட்டிக்கடைக்குப் பின்னால் நின்று பீடி பிடித்ததையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னோம். எங்களைக் கண்டால் சபையார் வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கொள்ள ஆரம்பித்தன. பெரியவர்கள் நம்மைப் பார்த்துப் பயப்படுவது எவ்வளவு ருசியான விஷயம் என்பதைப் பதினோரு வயதில் தெரிந்துகொள்ளக் கூடாது, நான் தெரிந்துகொண்டேன். சபைச் செயலராக இருந்த அப்பாவுக்கு ஒரே பூரிப்பு, "நம்ம பொண்ணு நல்லா விழிச்சிக்கினு இருக்குதுபா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அம்மா மட்டும், "தெருவுல நடக்குறதெல்லாம் எட்டிப் பாக்கறதுதான் உன் வேலையாடி?" என்று ஒருநாள் கேட்டாள். கிறிஸ்துமஸ் விழாவில் சிறந்த காவலருக்கு ஜிப் வைத்த, ஓரத்தில் தங்க நிறம் பூசிய வேதாகமம் பரிசு என்று சார் அறிவித்திருந்தார். என் வகுப்புத் தோழி ஸ்டெல்லா என்னைவிட முந்திக்கொண்டிருந்தாள், அது எனக்குத் தாங்கவில்லை.

மரகதம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெசவாளர் வீடுகளுக்கு ஊடை நூலைச் சிறு குச்சிகளில் தாராகச் சுற்றிக் கொடுப்பது அவள் தொழில். இருபது வயதில் தானாக எங்கள் சபைக்கு வந்து, மார்த்தாள் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டவள். அதற்காக அண்ணன்மார் இருவரும் அவளை அடித்துப் போட்டுவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பெருமாளைத் தவிர வேறு சாமி தெரியாத அம்மா மட்டும் மகளோடு தங்கிவிட்டாள். அந்த அம்மாவுக்குப் புரை முற்றி இரண்டு கண்ணும் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சபைவரைக்கும் வருவாள், உள்ளே வரமாட்டாள், வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆராதனை முடியும்வரை காத்திருப்பாள். மரகதம் அக்கா பெண்கள் பக்கத்தில் என்னருகே உட்காருவாள், பிரசங்கம் நீண்டால் என் பின்னலை அவிழ்த்துச் சத்தமில்லாமல் மறுபடி பின்னிவிடுவாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பிடித்தவளைத்தான் நான் காட்டிக்கொடுத்தேன்.

அந்தக் கோடையில் அவளுக்கு இருபத்துநாலு வயது. வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் வேலை பார்த்த டேவிட் என்பவருக்கு நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்கள் பெயரைச் சொல்லி, தடை உண்டா என்று சபையைக் கேட்பதை எங்களில் 'ஓலை வாசிப்பது' என்பார்கள். தடை என்றால் ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா, வயது போதாதவரா என்பதுதான். பெரியவர்களுக்கு அது தெரியும், பிள்ளைகளுக்கு யாரும் சொன்னதில்லை. போதகர் கேட்பார், கொஞ்சம் மௌனமாக இருக்கும், அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். மரகதம் அக்காவுக்கு இரண்டு ஓலை அப்படியே வாசித்தாயிற்று.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் வைகாசி கருட சேவை. விடியற்காலையில் பால் வாங்கத் தூக்கோடு போன நான், கூட்டத்தில் மரகதம் அக்காவைப் பார்த்தேன். அம்மாவின் தோளை அணைத்துக்கொண்டு, என்ன வருகிறது, எந்த நிறத்தில் மாலை, குடை எப்படி ஆடுகிறது என்று காதருகே குனிந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டர் பெருமாளின் பாதம் பொறித்த சடாரியோடு வந்து அந்த அம்மாவின் தலையில் வைத்தார், அப்படியே பக்கத்தில் இருந்த மகள் தலையிலும் வைத்துவிட்டு நகர்ந்தார். மரகதம் அக்காவின் தலை குனிந்தது. பாலை வாங்க மறந்து வீட்டுக்கு ஓடினேன். அதே தெருவில்தான் ஸ்டெல்லாவின் வீடும். அவளும் பார்த்திருப்பாளோ என்ற ஒரு கவலைதான் எனக்கு.

விடுமுறையில் ஞாயிறு பள்ளி ஆராதனைக்குப் பிறகுதான் நடக்கும். அதுவரை பொறுத்திருந்தால் ஸ்டெல்லா முந்திக்கொள்வாள் என்று தவித்துக்கொண்டிருந்தபோது, போதகர் மூன்றாம் ஓலையைக் கையில் எடுத்தார். "மார்த்தாள் என்கிற மரகதம்" என்று தொடங்கி, தடை அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம் என்று முடித்தார். மாப்பிள்ளையின் அப்பா, அவர் தங்கள் சபையில் மூப்பர், ஓலையைக் கேட்பதற்கென்றே வாலாஜாபாத்திலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"தடை இருக்குது, பாஸ்டர் ஐயா."

போதகர் சிரித்தார். "என்னம்மா?"

"மரகதம் அக்கா நேத்து சடாரி வாங்கினாங்க. நான் பாத்தேன்."

பின்னால் யாரோ சிரித்து நிறுத்தினார்கள். சாலமோன் சார் எழுந்து, "புள்ளைய பேச விடுங்க ஐயா, காவலுக்கு வெச்சதே இதுக்குத்தான்" என்றார். போதகர் முன்வரிசையைப் பார்த்தார், அவர் சிரிப்பு போய்விட்டது. "மார்த்தாள், உண்மையா?" என்று கேட்டார்.

என் பக்கத்தில் இருந்தவள் மெல்ல எழுந்தாள். "ஆமாங்க ஐயா. அம்மாவுக்குக் கண்ணு தெரியாதுங்க. கைய புடிச்சிக்கினு நின்னேன். ஐயரு எனக்கும் சேத்து வெச்சிட்டாரு. தலைய இழுத்துக்க மனசு வரலீங்க."

போதகர் ஓலையை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிட்டார். அன்று மதியம் அம்மா என் தட்டில் சோற்றை வைத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அவளும் சபையில் வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை மாலை எங்கள் வீட்டில் சபைக் கமிட்டி கூடியது. வாசற்படியில் தன் அம்மாவை உட்காரவைத்துவிட்டு மரகதம் அக்கா உள்ளே வந்து நின்றாள், யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சபைக்கு முன்பாக, விக்கிரகத்தை வணங்கினேன் என்று அறிக்கை செய்து மன்னிப்புக் கேட்டால் மூன்றாம் ஓலை வாசிக்கப்படும் என்றார்கள்.

"நின்னேங்க. நின்னேன்னு நூறு தடவ வேணா சொல்றேன். கும்புடல. கும்புட்டேன்னு சபையில எப்படிங்க பொய் சொல்றது?"

"ஒரு வார்த்ததானம்மா," என்றார் அப்பா. "சொல்லிட்டா கல்யாணம் நடந்துடும்."

"பொய் சொல்லித்தான் தாலி கட்டிக்கணுமாங்க?"

"பாத்தீங்களா திமிர," என்றார் சாலமோன் சார்.

வாசலிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "சாமிங்களா, இட்டுக்கினு போன்னு சொன்னது நான்தான். எனக்கு என்ன தண்டன வேணா குடுங்க. எம்பொண்ண விட்டுடுங்க." நான் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. இவ்வளவு பெரியவர்கள் கூடிப் பேசுகிற விஷயத்தைக் கண்டுபிடித்தது நான் என்றுதான் தோன்றியது.

ஞாயிறு வந்தது. மரகதம் அக்கா அறிக்கை செய்யவில்லை. அறிக்கை செய்யும்வரை அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து அவளுக்கு இல்லை, இடம் கடைசி பெஞ்சு என்று தீர்மானம் வாசித்தார்கள். டேவிட் ஒருமுறை சைக்கிளில் வந்து தெருமுனையில் அவளோடு பேசிக்கொண்டிருந்தார். அதையும் பார்த்தேன், அதையும் சொன்னேன். அதன்பிறகு அவர் வரவில்லை. விக்கிரகத்தின் முன் நின்று சாட்சி கெட்ட பெண் வேண்டாம் என்று அவர் அப்பா எழுதியனுப்பிவிட்டார். ஆவணியில் அதே டேவிட்டுக்கும் ஸ்டெல்லாவின் அக்காவுக்கும் எங்கள் சபையிலேயே ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் மரகதம் அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். மூன்று ஞாயிறும் போதகர் தடை உண்டா என்று கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஜிப் வைத்த வேதாகமம் எனக்குத்தான் கிடைத்தது, எல்லாரும் கை தட்டினார்கள்.

காவலர் படை அடுத்த வருடமே கலைந்துபோனது. ஒரு பையன் எழுந்து, போதகரின் மகனைச் சினிமாக் கொட்டகையில் பார்த்ததாகச் சொல்லிவிட்டான். அவனை மட்டும் உடனே உட்காரச் சொன்னார்கள்.

இப்போது ஓட்டுக்கூரைச் சபை இல்லை, அந்த இடத்தில் குளிர்சாதன வசதியோடு இரண்டு மாடிக் கட்டடம் நிற்கிறது. வேப்பமரம் வண்டி நிறுத்தப் போய்விட்டது. ஓலையைத் திரையில் படத்தோடு போடுகிறார்கள். சாலமோன் சார், அப்பா, அந்தப் போதகர், கமிட்டியில் இருந்த அத்தனை பேரும் இறந்துவிட்டார்கள், ஆனால் அந்தத் தீர்மானத்தை நீக்கிவிட வேண்டும் என்று சாகும்வரை ஒருவருக்கும் தோன்றவில்லை. மரகதம் அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபின் தனியாக வந்து அதே கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். எல்லாரும் திருவிருந்துக்கு வரிசையில் போகும்போது அவள் மட்டும் எழுவதில்லை. யாரும் நினைவில் வைத்திராத ஒரு கட்டளையை அவள் ஒருத்தி காப்பாற்றி வருகிறாள்.

நான் இப்போது சபைக் கமிட்டியில் இருக்கிறேன். போன மாதம் புதிதாக வந்த இளம் போதகர் என்னைக் கூப்பிட்டு, "கடைசி பெஞ்சுல உக்கார்றாங்களே ஒரு அம்மா, இன்னும் ஆண்டவர ஏத்துக்கல போல இருக்குது. நல்ல ஆத்துமா. யாராவது அவங்களுக்கு சுவிசேஷம் சொன்னீங்களா?" என்று கேட்டார். விசாரிக்கிறேன் பாஸ்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவள் நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் காபி போட்டுக் கொடுத்தாள். வருகிற ஞாயிறு சபையில் எழுந்து நடந்ததையெல்லாம் சொல்லிவிடுகிறேன் அக்கா என்று அழுதேன்.

"எதுக்கு பாப்பா அழுவுற? நீ பொய் ஒண்ணும் சொல்லலியே, பாத்தத சொன்ன," என்றாள். என் கையிலிருந்த டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தாள். "எழுவது பேரு இருந்தாங்க. உக்காரு பாப்பான்னு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல. அதான் மறக்க மாட்டேங்குது."

"அதுக்குத்தான் அக்கா, நான் எழுந்து..."

"வேணாம்மா. நீ ஒரு தடவ எழுந்து சொன்னதே போதும்."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் கடைசி பெஞ்சுக்குப் போனார். இயேசு யார் என்று எளிமையாக விளக்கும் துண்டுப் பிரசுரம் ஒன்றைச் சிரித்த முகத்தோடு அவளிடம் நீட்டினார். அவள் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான் என் இடத்தில் உட்கார்ந்தே இருந்தேன்.