மணி அடிக்காத சனிக்கிழமை: ஒதியம்பட்டிலிருந்து திருபுவனைக்கு

ஒதியம்பட்டிலிருந்து திருபுவனைக்குச் சைக்கிளில் போக வழி கேட்டிருந்தீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். அப்படி ஒரு பயத்தோடு வேறெந்தச் சாலையிலும் நான் மிதித்ததில்லை.

நான் வீராம்பட்டினத்துக்காரன், எங்கள் வீட்டில் நட்சத்திரம் பார்த்துக் கடலுக்குப் போவார்கள். ஈஸ்டருக்கு ஒதியம்பட்டில் நண்பன் அந்தோணி வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஊருக்கு மாதா கோயில் மணிதான் கடிகாரம். அது அடித்தால் எழுவார்கள், ஏர் பூட்டுவார்கள். கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அந்தோணியோ நிலத்தை விட்டுத் திருபுவனைத் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருந்தான். அங்கே காலை ஆறு மணிக்கு ஷிப்ட், வாசலிலேயே அட்டையில் நேரம் குத்தும் மிஷின். இரண்டு தடவை தாமதமாகிவிட்டது; இன்னொரு தடவை ஆனால் வேலை போய்விடும். மனைவி ஸ்டெல்லாவுக்கு அப்போது ஏழாம் மாதம்.

பெரிய வியாழன் பூசைக்குப் பிறகு ஈஸ்டர் வரை கோயில் மணி அடிப்பதில்லை, ஏசு சிலுவையில் இறந்த துக்கம். அந்தோணிக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்த வழக்கம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை முழுக்க உபவாசமிருந்து சிலுவைப்பாதை நடந்த களைப்பில், விடிகாலை மணி எழுப்பும் என்ற பழக்கத்தில் படுத்துவிட்டான். சனிக்கிழமை கண் விழித்தால் சன்னலில் வெயில்!

"ஐயோ, இன்னிக்கு மணி அடிக்காதே!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

தொழிற்சாலையைப் பார்க்கும் ஆசையில் நானும் கூடவே கிளம்பினேன். வில்லியனூர், அரியூர் எல்லாம் எப்படித் தாண்டினோமோ தெரியாது. கண்டமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. "ரயிலே காணோம், இன்னாத்துக்குடா மூடினானுங்க?" என்றான் அந்தோணி. கேட் திறக்கும் வரை பெடலில் கால் வைத்தபடியே நின்றான். (நீங்கள் போவதானால் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள், சாலை முழுக்கக் கம்பெனி பஸ்தான்.)

வாசலில் அட்டை செருகும் பலகையில் அவன் இடம் காலி.

"உன் அட்டைய ஆபீசுல எடுத்துட்டுப் பூட்டாங்கபா. உள்ள வுட ஆர்டர் இல்ல," என்றார் வாட்ச்மேன்.

"பெரிய சனி சார். கோயில் மணி அடிக்கல."

"மிஷினுக்கு இன்னாபா தெரியும், பெரிய சனியும் சின்ன சனியும்?"

மூன்று நாள் சும்மா இருக்கிற கடிகாரத்தோடு வாழ்ந்த ஊர் அது. ஒரு நிமிடமும் சும்மா இருக்காத ஒன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது என்று அங்கேதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்குத் திரும்பலாம் என்றேன். அந்தோணி அசையவில்லை.

"இப்போ போனா பயந்துருவாடா. புள்ளத்தாச்சி."

எதிரே புங்கமரத்தடியில் உட்கார்ந்தோம். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும் சங்கு ஊதியது. அந்தோணி சட்டென்று எழுந்தான், சட்டை மண்ணைத் தட்டினான், வெளியே வந்த கூட்டத்துக்குள் சைக்கிளை நுழைத்தான்.

"டூட்டி முடிஞ்சிச்சு, வா மச்சான். வூட்டுக்குப் போலாம்."